சைக்கிள் டெலிக்

வாங்க தம்பி, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. டெல்பின், மெட்ராஸ்லேர்ந்து தம்பி வந்துட்டாவ, காப்பி போடு. என் வீட்டுக்காரிதான். காப்பி தருவா, ஆனா இங்கன வந்து உக்கார மாட்டா. இந்தக் கதைய நான் தொடங்கினாலே அவளுக்கு அடுப்புல ஏதாவது வேலை வந்துரும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். நீங்க போன் பண்ணின நாள்லேர்ந்து எனக்குச் சரியா உறக்கம் கெடயாது. ஜெர்மனியில ஏதோ ஒரு கம்பெனிக்காரன் எங்க பழைய ரிக்கார்டைத் திரும்பவும் போடப் போறான்னு சொன்னிய. சந்தோசம். ஆனா ரெண்டாம் பக்கத்தை மட்டும்தான் போடுவானாம், மொதப் பக்கம் வேண்டாமாம். தம்பி, நான் பாடினதே மொதப் பக்கத்துலதான். மூக்கை வெட்டிட்டு மூஞ்சிய மட்டும் படம் எடுப்பேன்னா எப்படி? கிளாரன்ஸ் மோத்தாங்குற என் பேரு இல்லாம அந்த ரிக்கார்டு வெளிய வரப்படாது. அதுக்குத்தான் உங்களை நேர்ல வரச் சொன்னேன். சொல்லிட்டேன். இனி நீங்க கேக்க வேண்டியதைக் கேளுங்க.

கராஜ் ராக்கா, கார் நிறுத்துற கொட்டகையில வாசிக்குற பாட்டா? கராஜெல்லாம் கெடயாது. கார் இருந்தாத்தானே கராஜ். நாங்க வாசிச்சது உப்புக் கிட்டங்கியில. கிட்டங்கின்னா உங்க ஊர்ல குடோன்னு சொல்லுவிய. ஜெரால்டு கொரைரான்னு என் கூட்டாளி, அவன் மாமாவோட கிட்டங்கி, பீச் ரோட்டுக்குப் பின்னால. உப்பை ஏத்தி அனுப்பிட்டா காலியாக் கெடக்கும். உள்ள நின்னு தும்மினாக்கூடத் திரும்பி வந்து காதுல விழும். அதுல நான் பாடினா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ஜெரால்டுதான் கித்தார். கிரீஸ்லேர்ந்து வந்த கப்பல்காரன் ஒருத்தன்கிட்ட சங்கு, முத்துச்சிப்பியெல்லாம் குடுத்து வாங்கினது. பெருக்கிக் கேக்குறதுக்கு அவன் வீட்டுப் பழைய ரேடியோ. உப்புக் காத்துல அந்த ரேடியோ ஸ்பீக்கர் தாளு அரிச்சுப் போயி, கித்தாரைத் தொட்டா கர்ருன்னு மரம் அறுக்குற மாதிரி கேக்கும். அதைத்தான் உங்க ஜெர்மனிக்காரன் 'இப்படி ஒரு சத்தத்தை எப்படி உண்டாக்கினாவ'ன்னு ஆச்சரியப்படுதான். உண்டாக்கவெல்லாம் இல்ல, தம்பி. ரிப்பேர் பண்ணாம விட்டோம், அவ்வளவுதான்.

டிரம்ஸ் இஞ்ஞாசி. கோயில் பேண்டுல பெரிய மேளம் அடிச்சிட்டிருந்தவன். திருவிழாவுல மாதா சப்பரம் போற வேகத்துலதான் அவனுக்கு அடிக்கத் தெரியும். 'வேகமா அடிலே'ன்னு சொன்னா, சப்பரம் சாஞ்சிரும்ங்கிற மாதிரி முழிப்பான். பொறவு நான், பாட்டு. கோஷ்டி பேரு 'த பேர்ல் ஃபோர்'. தூத்துக்குடி முத்து நகரம்லா, அதான் பேர்ல்.

ஃபோருன்னா நாலாவது ஆளு யாருன்னு கேக்கியளா? எல்லாரும் அதைத்தான் கேப்பாவ. நாலு பேருன்னாத்தான் கோஷ்டின்னு அப்ப ஒரு நெனப்பு. பேரை எழுதிட்டோம், இஞ்ஞாசி மேளத்துல பெயிண்ட்டும் அடிச்சிட்டோம். ஆள் பாத்தோம். ஒருத்தன் கொழும்புக்குப் போயிட்டான், ஒருத்தனுக்கு வீட்டுல விடல. கடைசி வரைக்கும் நாலாவது ஆளு கெடைக்கவே இல்ல. அந்தப் போட்டோவுல பாருங்க, நாங்க மூணு பேரும், நடுவுல ஒரு லேடீஸ் சைக்கிளும். அவ்வளவுதான்.

வாரேன், சைக்கிளுக்கு வாரேன். எல்லாருக்கும் சைக்கிள்தான் வேணும்.

அறுபத்தெட்டுல ஒரு சிகரெட் கம்பெனி மெட்ராஸ்ல போட்டி வச்சான். எல்லா ஊர்க் கோஷ்டியும் வரலாம்னு. நான்தான் எழுதிப் போட்டேன். போன் நம்பர் கேட்டிருந்தாவ. எங்க யாரு வீட்டுல போன் இருந்துச்சு? ஜெரால்டு தங்கச்சி ரெஜினா ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அந்த நம்பரைக் குடுத்தேன். அதனால அப்பப்ப அந்த ஆபீஸுக்குப் போயி, போன் வந்துச்சான்னு கேக்க வேண்டியிருந்துச்சு. தினமும் போவேன். சில நாள் காலையிலயும் போவேன், சாயங்காலமும் போவேன்.

மறைக்க என்ன இருக்கு தம்பி, எனக்கு ரெஜினாவ ரொம்பப் பிடிக்கும். கிரேட் காட்டன் ரோட்டுல அவ சைக்கிள்ல போனா கடைக்காரனெல்லாம் தராசை விட்டுட்டுப் பாப்பான். அந்தக் காலத்துல இந்த ஊர்ல சைக்கிள் ஓட்டின பொம்பளப்புள்ள அவ ஒருத்திதான். நான் பாக்குறதுக்கு எதிர்ப்பக்கம் போயி நின்னுக்குவேன். அவ பெல் அடிச்சிட்டுப் போவா. டெல்பினுக்கு இது தெரியும். அதான் அடுப்படியில பாத்திரம் இப்படி உருளுது.

ஒருநாள் நான் ஆபீஸ்ல இருக்கும்போதே மெட்ராஸ்லேர்ந்து போட்டிக்காரனோட ட்ரங்க் கால் வந்துச்சு. ரெஜினாதான் எடுத்தா. இங்கிலீஷ்ல கொஞ்ச நேரம் பேசிட்டு, 'இந்தா, நீயே பேசு'ன்னு என்கிட்ட குடுத்தா. லைன்ல ஒரே இரைச்சல், கடலுக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி. நீங்க ஃபைனலுக்கு வந்துட்டிய, ரெண்டு பாட்டு பாடணும், ஒண்ணு உங்க இஷ்டம், இன்னொண்ணு கட்டாயம் 'சைக்கிள் டெலிக்'கா இருக்கணும்னான். திரும்பக் கேக்குறதுக்குள்ள நேரம் முடிஞ்சு லைன் கட்டாயிருச்சு.

நீங்க சொல்லுத மாதிரி, தலை கிறுகிறுக்க வைக்குற பாட்டு, சைக்கடெலிக் இல்ல, தம்பி. அது வெளிநாட்டுக்காரன் வாய்ல வளையாம இழுத்துச் சொல்லுதது. சைக்கிள், டெலிக். ரெண்டு வார்த்தை. என் காதால கேட்டேன்.

ரெஜினாகிட்ட, 'சைக்கிள் டெலிக்னா என்ன'ன்னு கேட்டேன். 'என்னது?'ன்னா. திரும்பவும் சொன்னேன். அவ அப்படியே டைப்ரைட்டர் மேல கவுந்துட்டா. தோள் குலுங்குது. நிமிந்தா கண்ணுல தண்ணி. அண்ணன் ஃபைனலுக்கு வந்துட்டான்னு ஆனந்தக் கண்ணீர். நல்ல பாசமான குடும்பம் அது. கண்ணைத் துடைச்சிட்டு, 'ஆமா கிளாரன்ஸ், சைக்கிள் டெலிக்தான். கண்டிப்பாச் சைக்கிள் வேணும். யாருகிட்ட சைக்கிள் இருக்கு?'ன்னு கேட்டா. அவகிட்டத்தான் இருந்துச்சு.

அந்த ஆபீஸுக்குக் கப்பல்காரங்க விட்டுட்டுப் போற வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் வரும். அவ மேசையில ஒண்ணு விரிச்சுக் கெடந்துச்சு. பாத்தாலே தலை சுத்துற மாதிரி கலர் கலரா வளையம், அதுக்கு நடுவுல முடி வளத்த நாலு பேரு. மேல கொட்டையா ஒரு வார்த்தை, வாசிச்சா சைக்கிள் டெலிக் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா 'பி'யில தொடங்குது. சைக்கிளுக்கு 'ஸி'ல்லா? ஆக அது வேற வார்த்தை. அதுபோக, படத்துல சைக்கிளே இல்ல. நான் உத்துப் பாக்கேன், அவ பத்திரிகைய மடிச்சு டிராயருக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. ஆபீஸ் சாமான்ல பொறுப்பான பொண்ணு.

கிட்டங்கியில உக்காந்து யோசிச்சோம். ஜெரால்டு காலேஜ்ல ரெண்டு வருசம் இருந்தவன். 'டெலிபோன், டெலிகிராம். டெலின்னா தூரம். அப்ப டெலிக்னா தூரத்துல இருக்குறது'ன்னான். வெளங்கிருச்சு. தூரத்துச் சைக்கிள். ஒரு சைக்கிள் தூரத்துல வருது, கிட்ட வருது, நம்மளைத் தாண்டிப் போயிருது. இதான் பாட்டு. 'யாருலே ஓட்டுதா?'ன்னு இஞ்ஞாசி கேட்டான். நான் வீட்டுக்குப் போயி அந்தக் கேள்விக்குப் பதிலாத்தான் வரி எழுதினேன். இங்கிலீஷ்ல நாலு சரணம். இப்ப நெனச்சாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அது ஒருத்தர் காதுலயும் விழல, அதான் என் வயித்தெரிச்சல்.

சைக்கிள் கேக்கப் போனா, ரெஜினா ஒரு கண்டிஷன் போட்டா. 'தாரேன். ஆனா வேற யாரும் தொடப்படாது. நான்தான் சுத்துவேன்.' பொம்பளப்புள்ள மேடையில ஏறுதான்னா அவ அம்மா விடுவாவளா? தெரு என்ன பேசும்? பங்குச்சாமியார் வரைக்கும் போச்சு. அவரு நல்ல மனுசன். 'திரைக்கு முன்னால இருந்தாத்தான் மேடை. பின்னால இருந்தா அது சும்மா எடம்'னு தீர்ப்புச் சொல்லிட்டாரு. அம்மாவும் சரின்னுட்டாவ.

சைக்கிளைத் தலைகீழாக் கவுத்தி, பெடலைக் கையால சுத்துவா. ஸ்போக்ல சீட்டுக்கட்டுலேர்ந்து ஒரு ஜோக்கரைச் சொருகி வச்சா. சுத்தச் சுத்த டரடரன்னு வரும். லைட்டுக்குப் போற டைனமோ வயரைக் கழட்டி ரேடியோவுல குடுத்துப் பாப்போம்னா. மெதுவாச் சுத்தினா தேனீ மாதிரி முனகும், வேகமாச் சுத்தினா ஆளு அழுவுற மாதிரி மேல மேல ஏறும். மொத நாள் அதைக் கேட்டு கிட்டங்கியில இருந்த பூனை ஓடிப் போனது, பொறவு வரவே இல்ல. மைக்கைச் சக்கரத்துக்குக் கிட்ட கொண்டு போயி, தள்ளிக் கொண்டு போயி, சைக்கிள் வாரது, போறது எல்லாத்தையும் காட்டினா. ஜெரால்டு கித்தாரை அதுக்குப் பின்னாலயே ஓட்டுவான். இஞ்ஞாசி சப்பர அடி. இதெல்லாம் எங்க மூணு பேரோட யோசனை. அவ சொன்னதை நாங்கதானே சரின்னு சொன்னோம்.

மெட்ராஸுக்கு ரயில்ல போனோம். சைக்கிளைக் கடைசிப் பெட்டியில, ரயில் கார்டுகிட்ட போட்டோம். துணைக்கு அவ அம்மாவும் வந்தாவ, கையில ஜெபமாலையோட. ஹால்ல பாத்தா பெங்களூர், பம்பாய், எங்கெங்கேர்ந்தோ கோஷ்டி. நல்ல நல்ல கித்தார், பளபளன்னு சட்டை. பொறவு ஒவ்வொருத்தனா மேடை ஏறினான். ஒருத்தன் வெளக்கைப் போட்டுப் போட்டு அணைச்சான். ஒருத்தன் தரையில உருண்டான். இன்னொருத்தன் ஊதுவத்தி கொளுத்தி வச்சிட்டு அரைமணி நேரம் ஒரே கம்பியத் தட்டினான். கடைசி வரைக்கும் பாத்தேன் தம்பி, ஒருத்தன்கிட்டகூடச் சைக்கிள் இல்ல. கட்டாயம்னு போன்ல சொல்லியும் ஒருத்தனும் கொண்டுவரல. எனக்கு அவனுவளப் பாக்கப் பாவமாப் போச்சு.

எங்க மொதப் பாட்டு என் பாட்டு. 'என் கண்ணின் முத்தே'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல. உருகிப் பாடினேன். சனங்க ரொம்ப மரியாதையாக் கேட்டாவ, ஒரு சத்தமில்ல. சிலபேரு கண்ணைக்கூட மூடிட்டாவ.

அடுத்தது சைக்கிள் டெலிக். எங்களுக்குக் குடுத்தது ரெண்டு மைக். ஒண்ணு கித்தாருக்கும் மேளத்துக்கும் சேத்து, ஒண்ணு எனக்கு. தொடங்கப் போறோம், திரைக்கு நடுவுலேர்ந்து ஒரு கை நீளுது. 'கிளாரன்ஸ், மைக்கைக் குடு. தூரத்துல வரும்போது சத்தம் கேக்காது. தொடக்கத்துக்கு மட்டும்.' அந்தக் கையில ஒரே ஒரு கண்ணாடி வளையல். குடுத்திட்டேன்.

தூரத்துல ஒரு பெல். பொறவு டரடர. பொறவு அந்த முனகல், கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வருது. ஹால்ல எல்லாரும் வாசலைத் திரும்பிப் பாக்காவ, நெசமாவே யாரோ சைக்கிள்ல வாராவளான்னு. ஜெரால்டு கித்தாரு கர்ருன்னு எழும்புது. நான் என் சரணத்தைத் தொடங்கிட்டேன். மைக் இல்லாம. தொண்டைய விட்டுக் கத்துதேன், மொத வரிசையில இருந்த ஆளுக்கு என் வாய் அசையிறது தெரியுது, அவ்வளவுதான். நாலு சரணத்தையும் அப்படியே பாடி முடிச்சேன். கடைசியில பொறுமை போயி, திரைப் பக்கம் திரும்பி, 'ரெஜினா, மைக்கு!'ன்னு கத்தினேன்.

அது ரிக்கார்டுல விழுந்திருக்கு. மேடையில பதிஞ்சதைத்தானே பொறவு ரிக்கார்டாப் போட்டான். ஜெர்மனிக்காரன் அதைக் கேட்டுட்டு, லத்தீன்ல மாதாவுக்குப் பாடுற மந்திரம்னு எழுதியிருக்கானா? ரெஜினான்னா லத்தீன்ல ராணி, மாதாவையும் அப்படித்தான் கூப்பிடுவாவ. பாருங்க, குரல்ல அப்படி ஒரு பக்தி இருந்திருக்கு. அதை மாத்த வேண்டாம், இருக்கட்டும்.

சைக்கிள் எங்களைத் தாண்டிப் போயி, தூரத்துல ஒரு பெல் அடிச்சு அடங்குச்சு. பொறவு எல்லாரும் எந்திரிச்சிட்டாவ. எந்திரிச்சு நின்னு கை தட்டுதாவ. நான் குனிஞ்சு குனிஞ்சு கும்புடுதேன். ஜட்ஜு, தாடி வச்சவரு, மேடைக்கே ஏறி வந்துட்டாரு. 'யாரு அது, யாரு அது'ன்னு என்னைத் தாண்டிப் போயித் திரையத் தூக்கினாரு. ரெஜினா கையெல்லாம் சங்கிலிக் கிரீஸ், மூக்குலயும் கொஞ்சம், நின்னு சிரிக்கா. அந்தக் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. பக்கத்துலதான் நான் நிக்கேன். எனக்குக் கை குடுக்கல. அவரு கையில கிரீஸ் ஒட்டிருச்சுல்லா, என் சட்டை அழுக்காயிரும்னு நெனச்சிருப்பாரு.

பரிசு யாருக்கோ போச்சு. ரிக்கார்டு எங்களுக்குப் போட்டான். அது போதும்.

இதோ காப்பி. டெல்பின், தம்பி சக்கரை கொஞ்சமாத்தான் போடுவாவளாம். போயிட்டா.

ரயில்ல திரும்பி வரும்போதுதான் நான் கேட்டேன். ரெஜினா அம்மா உள்ள கண்ணசந்துட்டாவ. ரெஜினா வாசல்கிட்ட காத்துக்கு நின்னா. கொள்ளிடம் பாலம் வருது. என் நெஞ்சு அடிச்ச அடிய இஞ்ஞாசிகூட அடிச்சிருக்க மாட்டான். 'ரெஜினா, என்னைக் கட்டிக்கிடுதியா'ன்னு கேட்டேன். அப்பப் பாத்து வண்டி பாலத்துல ஏறிருச்சு. தடதடதடன்னு இரும்புச் சத்தம். அவ என்னைப் பாத்து, 'வேண்டாம்'னு தொடங்கி நீளமா ஏதோ சொன்னா. மொத வார்த்தையே போதும்லா? மிச்சத்தைக் கேட்டு என்ன செய்ய? தலைய ஆட்டிட்டு உள்ள வந்து உக்காந்துட்டேன்.

இதுல எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்காதது என்னன்னா, வேண்டாம்னு சொன்னவ அவ. கோவப்பட வேண்டியது நான். ஆனா அவதான் தூத்துக்குடி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. சொல்லும்போது சிரிச்சிட்டேதான் சொன்னா. பாலம் தாண்டி எட்டிப் பாக்கேன், அங்கனயே நிக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. எறங்கும்போது மட்டும், 'நீ நல்லாப் பாடுவ கிளாரன்ஸ். ஆனா கேக்கத்தான் மாட்டேங்க'ன்னா. சிகரெட் குடிக்காதன்னு அதுக்கு முன்னாலயே சொல்லியிருந்தா. அதைத்தான் சொல்லுதான்னு அன்னைக்கே விட்டுட்டேன். சிகரெட்டை, தம்பி. அதுலேர்ந்து தொட்டதில்ல.

எனக்கு வருத்தம் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். ரொம்ப நாளைக்கு சைக்கிள் பெல் கேட்டா ரோட்டைத் திரும்பிப் பாக்க மாட்டேன். அவ பம்பாய் ஆபீஸுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போனா. பொறவு கப்பல்ல வயர்லெஸ் ஆபீசர் ஒருத்தரைக் கட்டிக்கிட்டு ஆஸ்திரேலியா போயிட்டா. வயர்லெஸ்னா தெரியும்லா, காதுல மாட்டிக்கிட்டு நாள் பூரா யாரு என்ன சொல்லுதான்னு கேட்டுக்கிட்டே இருக்குற வேலை. அந்த ஆளுகிட்ட என்ன கண்டாளோ.

அவ போன பொறவு நாங்க மூணு பேரும் கிட்டங்கியில கூடுவோம். ஆளு அதே ஆளு, கித்தாரு அதே கித்தாரு. வேற சைக்கிளும் வாங்கிட்டு வந்தோம், ஜெரால்டு சுத்திப் பாத்தான், இஞ்ஞாசி சுத்திப் பாத்தான். சைக்கிள் ரிப்பேர்க் கடை மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாள்ல விட்டுட்டோம். நான் துறைமுகத்துல வேலைக்குப் போயிட்டேன். இப்ப ஜெரால்டு இல்ல, இஞ்ஞாசியும் போயிட்டான். எல்லாம் அந்த நாலாவது ஆளு கெடைக்காததுனால வந்தது. கெடைச்சிருந்தா நாங்க எங்கனயோ போயிருப்போம்.

என்னது? ரெஜினாகிட்ட பேசினியளா? எப்ப? போன வாரமா? இதை வந்ததும் சொல்லாம காப்பி குடிச்சிட்டிருக்கியளே. எப்படி இருக்கா? குரல் எப்படி இருந்துச்சு? இன்னும் சைக்கிள் ஓட்டுதாளா. இந்த வயசுலயா. ம்.

சொல்லுங்க, சொல்லுங்க, நான் கேக்கேன்.

கிளாரன்ஸ் பேரு இல்லாட்டி ரிக்கார்டு போடச் சம்மதிக்க மாட்டேன்னா சொன்னா? அவளேவா? டெல்பின், கேட்டியா? அவளே சொல்லியிருக்கா. பாத்தியளா தம்பி, பாடகன் யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சரி, பெரிய மனசு பண்ணி நானும் ஒண்ணு சொல்லுதேன், அவ பேரையும் போட்டுருங்க. கீழ, சின்னதா. 'சைக்கிள் உதவி: ரெஜினா'ன்னு. என் பேருக்குப் பக்கத்துல என்ன போடணும்னு சொன்னா?

'இந்தப் பாட்டு கிளாரன்ஸ் காதுல பொறந்தது'ன்னா?

காதுலயா?

இல்ல தம்பி. காதுன்னு சொல்லியிருக்க மாட்டா. பாடுறவனைப் பத்தி யாராவது காதுன்னு சொல்லுவாவளா? குரல்னு சொல்லியிருப்பா. 'கிளாரன்ஸ் குரல்ல பொறந்தது'ன்னு. ஆஸ்திரேலியாவுலேர்ந்து பேசுறதுல்லா, லைன் இரைச்சலா இருந்திருக்கும், உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. சிரிச்சிட்டே சொன்னான்னு வேற சொல்லுதிய. நீங்க சின்னப் புள்ள, அதனால சொல்லுதேன், மனசுல வச்சுக்கோங்க. ஒருத்தர் ஒண்ணு சொல்லும்போது ஒரு வார்த்தையப் பிடிச்சிக்கிட்டு மிச்சத்தை நாமளா நெரப்பிக்கிடக் கூடாது. நின்னு, முழுசாக் கேக்கணும்.

குரல்னு மாத்தி எழுதிக்கோங்க.